பதினோராவது எலக்ட்ரான்

எனக்கு மிகப் பிடித்த பொருள் எது என்று யார் கேட்டாலும் யோசிக்கவே மாட்டேன். சோடியம்! மண்ணெண்ணெய்க்குள் பழுப்பேறிக் கிடக்கும் அந்த உலோகக் கட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வராதுதான். ஆனால் அதை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியை வைத்து மெல்ல அழுத்த வேண்டும். உலோகம் என்றாலே கடினம் என்ற எண்ணம் அந்த நொடியில் உடைந்துபோகும். கத்தி அவ்வளவு சுலபமாக உள்ளே இறங்கும். வெட்டுப்பட்ட முகத்தில் அப்படியொரு வெள்ளிப் பளபளப்பு! அதை ஆற அமர ரசிக்கவும் முடியாது. காற்று பட்டதுமே விளிம்பிலிருந்து சாம்பல் நிறம் படரத் தொடங்கும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு மங்கி மறைந்துவிடும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அடுத்து நடப்பதுதான் கண்கொள்ளாக் காட்சி. கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியர் செய்துகாட்ட, பாதுகாப்புத் தடுப்புக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். அகலமான கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், அதில் காரம் பட்டால் ரோஸ் நிறமாகும் பினால்ஃப்தலீன் சில சொட்டு. அரிசி அளவு சோடியத் துணுக்கு ஒன்றை அதில் போட்டார். விழுந்த துணுக்கு மூழ்கவில்லை. தண்ணீரைவிட அதன் அடர்த்தி குறைவு. தன் சூட்டிலேயே உருகி, பளபளக்கும் சின்ன உருண்டையாகி, உஸ்ஸென்று சீறிக்கொண்டு தண்ணீர்மேல் அங்குமிங்கும் ஓடியது. ஓடிய தடமெல்லாம் ரோஸ் நிறக் கோடு! நிறமற்றுக் கிடந்த தண்ணீரில் யாரோ கோலம் போட ஆரம்பித்ததைப் போலிருந்தது. உருண்டை சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனபோது தொட்டி முழுக்க ரோஸ் பரவியிருந்தது. சோடியம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியே தள்ளிவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரமாகக் கரைந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே சாட்சி.

இந்த ஆர்ப்பாட்டம் அத்தனைக்கும் காரணம், சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் தனியாக நிற்கும் ஒரே ஒரு எலக்ட்ரான். பதினோராவது எலக்ட்ரான். நான் அதன் தீவிர ரசிகன். அதன் பெருமையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கருவும் அதைச் சூழ்ந்த வெளியும்

சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள், 12 நியூட்ரான்கள். கருவுக்கு வெளியே 11 எலக்ட்ரான்கள். இயற்கையில் கிடைக்கும் சோடியம் அணுக்கள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒரு புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு. ஆகவே அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் கருவில்தான் இருக்கிறது. பதினொரு எலக்ட்ரான்களையும் சேர்த்து நிறுத்தாலும் அணுவின் எடையில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்குதான் தேறும்.

எடையெல்லாம் கருவில் இருக்கிறது. ஆனால் இடமெல்லாம் எலக்ட்ரான்களுக்குத்தான். கருவை ஒரு மிளகின் அளவுக்குப் பெரிதாக்கினால், பதினோராவது எலக்ட்ரானின் இருப்பிடம் நூறு மீட்டருக்கும் அப்பால் போய்விடும். ஒரு அணு இன்னொரு அணுவை நெருங்கும்போது முதலில் சந்திப்பது யாரை? கருவை அல்ல, வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரானைத்தான். எந்த வேதிவினையிலும் கரு மாறுவதே இல்லை. கத்தியால் வெட்டிய உலோகத்திலும் சாப்பாட்டு உப்பிலும் சோடியத்தின் கரு அச்சு அசலாக ஒன்றுதான். சீறும் உலோகத்தைச் சாதுவான உப்பாக மாற்றுவது எலக்ட்ரான் ஒன்று கைமாறியது மட்டுமே. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்றும் குறையவில்லை.

இந்தப் படத்தை மனிதர்கள் எவ்வளவு வேகமாக வரைந்து முடித்தார்கள் என்று நினைத்தால் சிலிர்க்கிறது. 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் கண்டார். 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போய்விட, ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் வந்த திசையிலேயே திரும்பி வந்தது. அதை வைத்து 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை அறிவித்தார். 1913-இல் நீல்ஸ் போர் எலக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களை வகுத்தார். அதே ஆண்டில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அவற்றின் அணு எண்களை உறுதிசெய்தார். அந்த மோஸ்லி 1915-இல் கலிப்போலி போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27. தனிம வரிசை அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வந்து மனம் கனத்துப்போகிறது.

எலக்ட்ரான்கள் சின்னச் சின்னக் கோள்களாகக் கருவைச் சுற்றுவதாகப் பள்ளிப் படங்களில் வரைவார்கள். 1926-இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாடு அதைவிட அழகான ஒன்றைக் காட்டியது. எலக்ட்ரான் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சுட்ட முடியாது. இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று முகிலாக விரியும் ஒன்று அது. அந்த முகில்களை அடுக்கிவைக்கும் விதியைச் சொன்னவர் பௌலி, 1925-இல். ஆர்பிட்டல் எனப்படும் அப்படியொரு முகிலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. அந்த இரண்டும் எதிரெதிர்ச் சுழற்சியோடுதான் இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இது மட்டும் இல்லையென்றால் எல்லா அணுக்களின் எல்லா எலக்ட்ரான்களும் அடிமட்டத்திலேயே போய் உட்கார்ந்திருக்கும். கூடுகள் இல்லை, வேதியியல் இல்லை, நீங்களும் நானும் இல்லை. இந்த விதியின்படி சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் அமரும்போது முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8 என்று நிரம்பிவிட, மிஞ்சிய ஒன்று மூன்றாவது கூட்டுக்குப் போகிறது.

இரண்டு எண்கள்

அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க எவ்வளவு ஆற்றல் தேவை? அதற்குப் பெயர் அயனியாக்கும் ஆற்றல். சோடியத்தின் முதல் எலக்ட்ரானைப் பறிக்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் தேவை. இரண்டாவது எலக்ட்ரானைப் பறிக்க 4562 கிலோஜூல். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைவிடத் தெளிவாக ஓர் அணு தன்னைப் பற்றிப் பேச முடியுமா? "ஒன்றை எடுத்துக்கொள், தருகிறேன். அடுத்ததைத் தொடாதே" என்கிறது சோடியம்.

காரணமும் அவ்வளவே அழகு. கருவில் 11 நேர்மின்னூட்டங்கள் இருந்தாலும், உள்ளே உள்ள 10 எலக்ட்ரான்கள் குறுக்கே நின்று மறைப்பதால் பதினோராவது எலக்ட்ரானுக்கு அந்த இழுவை முழுசாக எட்டுவதில்லை. அது உணர்வது இரண்டு, இரண்டரை அளவுதான். தூரமும் அதிகம். ஆகவே பிடி தளர்வு. அந்த ஒன்று போய்விட்டால் மிஞ்சுவது நிரம்பிய கூடு, நியான் அணுவுக்கு இருக்கும் அதே 10 எலக்ட்ரான் அமைப்பு. அதிலிருந்து ஒன்றைப் பறிக்க வேண்டுமென்றால் கருவுக்கு நெருக்கமான, பலமாகப் பிடிக்கப்பட்ட கூட்டில் கைவைக்க வேண்டும்.

இப்போது அட்டவணையில் அடுத்த கட்டத்துக்கு வாருங்கள். மெக்னீசியம்: 738, 1451, அப்புறம் ஒரே தாவலாக 7733. இரண்டு எலக்ட்ரான்களுக்குப் பிறகு தாவல். அதற்கடுத்து அலுமினியம்: 578, 1817, 2745, பிறகு 11577. மூன்றுக்குப் பிறகு தாவல். சோடியத்தின் இணைதிறன் 1, மெக்னீசியத்துக்கு 2, அலுமினியத்துக்கு 3 என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது யாரோ வகுத்த சட்டமல்ல. எண் எங்கே தாவுகிறதோ அங்கே கூடு முடிகிறது. கண்ணால் பார்க்க முடியாத அணுவின் உள்கட்டுமானத்தை வெறும் நாலு எண்களிலிருந்து யாரும் படித்துவிடலாம். பதினோராம் வகுப்பு மாணவர்கள் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த வரிசையைத்தான். அந்தத் தாவலைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்!

ஒரே குடும்பம், வெவ்வேறு குணம்

அட்டவணையில் சோடியத்தின் மேலும் கீழும் கார உலோகங்கள் எனப்படும் அதன் உறவுகள்: லித்தியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம். எல்லோருக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான். ஆனால் கீழே போகப்போக அது கருவை விட்டு விலகிப்போகிறது. பறிக்கத் தேவையான ஆற்றலும் படிப்படியாக இறங்குகிறது: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, ருபீடியம் 403, சீசியம் 376.

அந்த இறக்கத்தைத் தண்ணீரில் போட்டு நேரில் பார்க்கலாம். லித்தியம் மிதந்தபடி நிதானமாக நுரைக்கும். சோடியம் உருகி ஓடும். பொட்டாசியமோ விழுந்ததுமே பற்றிக்கொண்டு ஊதாச் சுடரோடு துள்ளும். அந்த ஊதா நிறத்தை எந்தப் புகைப்படமும் சரியாகக் காட்டியதில்லை. நேரில்தான் பார்க்க வேண்டும். ருபீடியமும் சீசியமும் தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும். அவற்றைக் காணொளியில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதற்கே மெய்மறந்துபோனேன்.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தண்ணீரில் கரையும்போது மொத்தக் கணக்கில் அதிக ஆற்றலோடு எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது லித்தியம்தான். அதன் அயனி மிகச் சிறியது என்பதால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை இறுக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன. அதில் கிடைக்கும் ஆற்றல் அதிகம். அப்படியிருந்தும் வினை ஏன் நிதானமாக நடக்கிறது? லித்தியம் உருக 180 டிகிரி செல்சியஸ் தேவை. ஆகவே அது திடக்கட்டியாகவே கிடக்கிறது. சோடியம் 98 டிகிரியிலும் பொட்டாசியம் 64 டிகிரியிலும் உருகி, எப்போதும் புதுப் பரப்பைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் ஒரே குடும்பத்தை வைத்துக் கற்றுக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய வசதி!

இவற்றில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதலில் கண்ணால் பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. 1807 அக்டோபரில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், லேசாக ஈரப்படுத்திய காஸ்டிக் பொட்டாஷில் மின்சாரம் செலுத்தினார். பளபளக்கும் உலோக மணிகள் தோன்றின. சில அங்கேயே தீப்பற்றி எரிந்தன. டேவி சந்தோஷம் தாங்காமல் ஆய்வகத்தில் குதித்து ஆடினார் என்று உடனிருந்த உறவினர் எட்மண்ட் டேவி பதிவுசெய்திருக்கிறார். சில நாட்களிலேயே சோடியமும் கிடைத்தது. டேவி செய்தது என்ன? அயனி விட்டுக்கொடுத்த எலக்ட்ரானை வலுக்கட்டாயமாக அதனிடம் திருப்பிக் கொடுத்தார். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியவருவதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்னால்! நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவரோடு சேர்ந்து ஆடியிருப்பேன்.

கண்ணிமைக்கும் நேரத்துக்குள்

கார உலோகம் தண்ணீரில் ஏன் வெடிக்கிறது? ஹைட்ரஜன் உண்டாகிறது, வினையின் சூட்டில் அது பற்றிக்கொள்கிறது என்றுதான் எல்லோரும் படித்தோம். ஆனால் யோசித்தால் இதில் ஓர் இடறல் உண்டு. உலோகத்தைச் சுற்றி ஹைட்ரஜனும் நீராவியும் படலமாகச் சூழ்ந்துகொண்டால் தண்ணீர் உலோகத்தை நெருங்க முடியாதே! வினை அடங்கித்தானே போக வேண்டும்?

பிராகா நகரில் பாவெல் யுங்விர்த்தின் குழு இதற்குப் பதில் தேடியது. அறைவெப்பத்தில் திரவமாக இருக்கும் சோடியம்–பொட்டாசியம் கலவையின் துளியைத் தண்ணீரில் விழவைத்து, அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். முடிவு 2015-இல் 'நேச்சர் கெமிஸ்ட்ரி' இதழில் வந்தது. துளி தண்ணீரைத் தொட்ட ஒரு மில்லி நொடிக்குள்ளேயே, தீயோ புகையோ கிளம்பும் முன்பே, அதன் பரப்பிலிருந்து உலோக முட்கள் சிலிர்த்துக்கொண்டு வெளியே பாய்கின்றன! அணுக்களின் வெளி எலக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் தண்ணீருக்குள் ஓடிவிடுகின்றன. பின்தங்கிய உலோகத்தில் நேர்மின் அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று விரட்டுகின்றன. அந்த விரட்டலில் துளி கிழிந்து முட்களாகச் சிதறுகிறது. புதுப்புதுப் பரப்பு தண்ணீரில் படுகிறது, வெடிப்பு மூள்கிறது. அந்த மெதுவோட்டக் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இரு நூற்றாண்டுகளாக வகுப்பறைகளில் செய்துகாட்டிய வினைக்குள் இப்படியொரு ரகசியம் ஒளிந்திருந்திருக்கிறது!

அதே யுங்விர்த்தின் குழு 2021-இல் இன்னொரு விருந்து வைத்தது. வெற்றிட அறைக்குள் இதே உலோகக் கலவையின் துளிமேல் மிகக் குறைந்த அளவு நீராவியைப் படியவிட்டார்கள். வெடிக்கவில்லை. உலோகத்தின் எலக்ட்ரான்கள் மெல்லிய தண்ணீர்ப் படலத்துக்குள் நிறைந்து, சில நொடிகளுக்குத் தண்ணீரையே உலோகமாக்கின. வெள்ளி நிறத் துளி தங்கமாகப் பளபளத்தது! தண்ணீர் தங்க நிறத்தில் மின்னும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டும்.

பறிப்பவர்களும் அசையாதவர்களும்

கொடுப்பவர் இருந்தால் வாங்குபவரும் வேண்டும். குளோரினுக்கு 17 எலக்ட்ரான்கள்: 2, 8, 7. கூடு நிரம்ப ஒன்றே ஒன்று குறைகிறது. மஞ்சள் கலந்த பச்சை நிறம் கொண்ட அந்த நச்சு வாயுவுக்குள் சூடான சோடியத்தை இறக்கினால், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஒளியோடு எரிந்து வெள்ளைத் தூளாகப் படிகிறது. அந்தத் தூள்தான் உப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் மின்னும் குவியல்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கைமாற்றம்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு மணியிலும் எலக்ட்ரானை இழந்து நிம்மதி அடைந்த சோடியமும், அதைப் பெற்று நிம்மதி அடைந்த குளோரினும் மாறி மாறி வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு பொருளின் குணம் அதன் அணுக்கருவில் இல்லை, வெளிக்கூட்டில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுவையான அத்தாட்சி உண்டா?

பறிப்பவர்களில் முதலிடம் ஃப்ளூரினுக்கு. 9 எலக்ட்ரான்கள்: 2, 7. அணு சிறியது, கருவின் இழுவை அருகிலேயே இருக்கிறது. இரண்டு ஃப்ளூரின் அணுக்களுக்கு இடையிலான பிணைப்போ பலவீனமானது. மோலுக்கு ஏறத்தாழ 159 கிலோஜூல் போதும், உடைந்துவிடும். குளோரினுக்கு 243 தேவை. சுலபமாகப் பிரிந்து, வெறியோடு எலக்ட்ரானைப் பறிக்கும் இந்தத் தனிமத்தைப் பிரித்தெடுக்க முயன்று உடல்நலத்தையும் உயிரையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. 1886-இல் பிரான்ஸின் ஆன்ரி முவாசான் அதைச் சாதித்தார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நிற்பவை மந்த வாயுக்கள். வெளிக்கூடு நிரம்பியவை. கொடுக்கவும் மாட்டா, வாங்கவும் மாட்டா என்றே எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு தகர்த்தவர் நீல் பார்ட்லெட். இது என் மனதுக்கு மிக நெருக்கமான கதை.

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வேலைசெய்துகொண்டிருந்தார். பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற சிவப்பு வாயு, ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 1165 கிலோஜூல். அட்டவணையைப் புரட்டியபோது மந்த வாயுவான செனான் கண்ணில் பட்டது: 1170! ஆக்சிஜனிடம் பறிக்க முடியுமென்றால் செனானிடம் ஏன் முடியாது? 1962 மார்ச் மாதத்தில் இரண்டு வாயுக்களையும் கலந்தார். உடனே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திடப்பொருள் படிந்தது. மந்த வாயுவின் முதல் சேர்மம். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வெளி எலக்ட்ரானை அணு எவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறது என்ற கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டார், அவ்வளவுதான். பிறகு செனானின் சேர்மங்கள் வரிசையாக வந்தன. நியானோ இன்றுவரை அசைந்து கொடுக்கவில்லை; அதன் முதல் எலக்ட்ரானுக்கே 2081 கிலோஜூல் வேண்டும்.

அதே எலக்ட்ரானின் மஞ்சள்

பதினோராவது எலக்ட்ரானுக்கு இன்னொரு திறமையும் உண்டு. சூட்டில் ஒரு படி மேலே தாவி, திரும்ப இறங்கும்போது ஒளியை வெளியிடும். அந்த ஒளிதான் சோடியத்தின் மஞ்சள்: 589.0, 589.6 நானோமீட்டர் என்று அடுத்தடுத்து நிற்கும் இரட்டைக் கோடுகள். வினையில் கைமாறும் அதே எலக்ட்ரான்தான் இந்த வெளிச்சத்தையும் தருகிறது!

இரும்புக் கம்பியை உப்புக் கரைசலில் தோய்த்து கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள். சுடர் முழுக்க மஞ்சளாகும். அறை விளக்கை அணைத்துவிட்டு, பழைய சிடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து அதில் பிரதிபலிக்கும் சுடரைப் பாருங்கள். மெழுகுவர்த்திச் சுடராக இருந்தால் சிடியில் வானவில்லாக இழுபடும். உப்புச் சுடரின் மஞ்சளோ இழுபடாது. சுடரின் வடிவம் கலையாமல் ஒரே மஞ்சள் உருவமாக நிற்கும். எத்தனை நிறங்களுக்கு இடமிருந்தும் ஒரே நிறம்! எலக்ட்ரானுக்கு எல்லாப் படிகளும் கிடையாது, குறிப்பிட்ட படிகள்தான் உண்டு என்ற நீல்ஸ் போரின் வாதத்தை நம் வீட்டு அடுப்படியிலேயே பார்த்துவிடலாம்.

இந்த மஞ்சளோடு நம் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் ஆகியோர் சூரிய விளிம்பின் ஒளியை ஆராய்ந்தபோது சோடியத்தின் மஞ்சளுக்கு மிக அருகே பிரகாசமான ஒரு கோட்டைக் கண்டார்கள். அது சோடியம் அல்ல. பூமியில் அதுவரை யாரும் அறியாத ஹீலியம். பூமியில் அது கிடைத்தது 1895-இல்தான். சிவகாசி வாணங்களில் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பாகவும் பேரியம் பச்சையாகவும் விரிவதும் வெளி எலக்ட்ரான்களின் தாவல்தான். தீபாவளி இரவில் அண்ணாந்து பார்க்கும்போது நாம் ரசிப்பது அவற்றைத்தான்.

நீங்களே பாருங்கள்

சோடியத்தை வீட்டில் வைத்து விளையாட முடியாது, விளையாடவும் கூடாது. ஆனால் எலக்ட்ரான் கைமாறுவதைப் பார்க்க எல்லோர் வீட்டிலும் வழி இருக்கிறது.

கறுத்துப்போன வெள்ளிக் கொலுசு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கல் பதித்தது வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வையுங்கள். ஒரு கரண்டி சமையல் சோடா, கொஞ்சம் உப்பு போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுங்கள். குமிழிகள் கிளம்பும், லேசாக அழுகிய முட்டை வாடை வரும். கறுப்பு கரைந்து வெள்ளி வெளுத்துக்கொண்டே வருவதைக் கண்முன்னே பார்க்கலாம். கந்தகத்திடம் எலக்ட்ரானை இழந்திருந்த வெள்ளிக்கு, அலுமினியம் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை அள்ளிக் கொடுக்கிறது. தேய்த்துக் கழுவினால் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போய்விடும். இந்த முறையில் வெள்ளி தன் இடத்திலேயே மீண்டும் வெள்ளியாகிவிடுகிறது.

இன்னொன்று, பெரியவர்கள் துணையோடு. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கிடைக்கும். விஷம் என்பதால் சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. அந்த நீலக் கரைசலில் தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்பு ஆணியைப் போட்டால் சில நிமிடங்களில் செம்பு அதன்மேல் செந்நிறமாகப் படியும். இரும்பு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போகிறது. செம்பு அயனி அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாகிறது. இதையே தலைகீழாகச் செய்து, அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. எலக்ட்ரானை இரும்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது செம்பு. அந்த 'ஒன்றும் நடக்காதது'கூட எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

பிள்ளைகளுக்கு வேதியியல் கசக்கிறது என்று சொல்லும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தனிமங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு தனிமத்தின் வெளிக்கூட்டை வரைந்து காட்டுங்கள். அது கொடுக்குமா, பறிக்குமா, சும்மா இருக்குமா என்று அவர்களையே சொல்லவிடுங்கள். பிறகு அது உண்மையிலேயே அப்படி நடக்கிறதா என்று ஒரு ஆணியையோ கொலுசையோ வைத்துக் கண்ணாரக் காட்டுங்கள். நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களும் அதற்குப் பிறகு தாமாகவே பேச ஆரம்பித்துவிடும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.